சித்தப்பா போட்ட மூன்று ஃபிரேம்

எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும், பிரியாணி முடிந்து பீடா வருவதற்குள் சித்தப்பா அந்தக் கதையை எடுத்துவிடுவார். போன மாதம் நசரத்பேட்டையில் ஒரு சொந்தக்காரப் பிள்ளை முதல் நன்மை வாங்கிய புதுநன்மை விருந்திலும் எடுத்தார். "இதோ ஒக்காந்துகினு கீறாளே, ஐடில பெரிய வேலை பாக்குறா, இவதான் அன்னிக்கி என் வெப்சைட்ல கைய வெச்சி எங்க தங்கச்சியோட மஸ்கட் சம்பந்தத்தையே காலி பண்ணவ!" பந்தி முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. இருபது வருடமாக இதே கதை, இதே சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தை மட்டும் வழக்கம்போல் ஐஸ்கிரீம் கிண்ணத்தைச் சுரண்டுவதிலேயே கவனமாக இருந்தாள்.

அப்போது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். பூந்தமல்லியில் டிரங்க் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவர்கள் இருவருக்கும் தங்கையான அத்தை. அத்தைக்குக் கல்யாணம் ஆகாமல் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்க முடியாது என்பது வீட்டுச் சட்டம். அதனால் அத்தையின் கல்யாணத்தில் அத்தையைவிட அவருக்குத்தான் அவசரம்.

சித்தப்பா ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்திருந்தார். சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார். ஜெபம் சொல்லும்போது அது மாதாவுக்கா சர்டிபிகேட்டுக்கா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும். படித்ததை யாரிடமாவது சொல்லிக் காட்டவேண்டுமே. வீட்டில் அவரிடமிருந்து தப்பி ஓட முடியாதவள் நான்தான். அப்படித்தான் எனக்கு வெப்சைட் எழுதுகிற எச்.டி.எம்.எல். வந்தது.

அந்த வருடம் கிறிஸ்மஸுக்கு முந்தைய அட்வென்ட் தொடங்கும் நேரத்தில் மஸ்கட் மாப்பிள்ளை வந்தார். அதாவது, அவருடைய அம்மா வந்தார். பையனுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம், நம்மைப்போலவே கத்தோலிக்கர், நம் ஆட்கள். "ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்க. பையன் பாத்துட்டு சரின்னா கிறிஸ்மஸ் லீவுக்கு வந்துடுவான், தவக்காலத்துக்கு முன்னாடி முடிச்சிடலாம்" என்றார். அப்பா சரி சரி என்று தலையாட்டினார். அத்தையை யாரும் கேட்கவில்லை. அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரு கவரில் போட்டோவைப் போட்டு அனுப்பியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். சித்தப்பா விடுவாரா? "போட்டோவா? அவரு கம்ப்யூட்டர் ஆளு. நாம இன்னா சும்மாவா? வெப்சைட்டே போட்டுடலாம்" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பத்து நாள் அந்த வேலை நடந்தது. சித்தப்பாவுக்குத் தெரிந்ததில் உச்சம் ஃபிரேம். திரையை மூன்றாகப் பிரித்தார். மேலே ஒரு பட்டை, அதில் ஆரோக்கிய மாதா படமும் எங்கள் குடும்பப் பெயரும். இடது பக்கம் ஒல்லியாக ஒரு பத்தி, அதில் போட்டோ, படிப்பு, வேலை, குடும்பம், பங்குக் கோயில் என்று வரிசையாக இணைப்புகள். வலது பக்கம் பெரிய இடம். இடதில் எதைத் தொடுகிறோமோ அது வலதில் திறக்கும். தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினார். பால்காரர் மூன்று முறை பார்த்தார்.

ஃபிரேம் ஓரங்களில் வருகிற நகர்த்தும் பட்டைகள் அசிங்கமாக இருக்கின்றன என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். "சித்தப்பா, படம் பெருசா இருந்தா மீதிய எப்பிடி பாப்பாங்க?" என்று கேட்டேன். "நீ எனக்கு சொல்லிக் குடுக்கறியா?" என்றார். சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். யார் கேட்டார்கள்!

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சித்தப்பா முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். வந்ததும் ஃபிளாப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில் இன்டர்நெட்டில் ஏற்றி, மாப்பிள்ளைக்கு விலாசம் அனுப்பிவிடுவதாகத் திட்டம். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அத்தை அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி ஆபீஸில், காலையிலிருந்து சாயங்காலம்வரை கடிதங்களைக் கம்ப்யூட்டரில் அடிக்கிற வேலை. கைப்பையைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள்.

"நான் எங்கடி கீறேன் இதுல?" என்றாள். போட்டோவைத் தொட்டுக் காட்டினேன். வலது பக்கம் முழுக்க அத்தை வந்தாள். பட்டுப்புடவை, பின்னால் ஸ்டூடியோவின் நீலத் திரை, பக்கத்தில் பிளாஸ்டிக் பூ ஜாடி. கொஞ்ச நேரம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்பிடி கரெக்டா இந்தப் பக்கம் போயி தொறக்குது?"

ஒரு பெரியவர் என்னைக் கேள்வி கேட்கிறார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்பேடைத் திறந்து, ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் இருக்கும் டார்கெட் என்கிற சொல்லைக் காட்டினேன். எந்த ஃபிரேமில் திறக்கவேண்டும் என்று சொல்வது அதுதான் என்றேன்.

"அது இல்லன்னா?"

அதைச் சொல்வதைவிடச் செய்துகாட்டுவதுதானே அழகு. போட்டோ இணைப்பிலிருந்த டார்கெட்டை அழித்து, சேவ் செய்து, மறுபடி திறந்தேன். தொட்டதும் போட்டோ அந்த ஒல்லி இடது பத்திக்குள்ளேயே திறந்துகொண்டது. இணைப்புகள் எல்லாம் மறைந்துபோயின. தெரிந்தது நீலத் திரையின் ஒரு துண்டும் பூ ஜாடியின் பாதியும்தான். அத்தை அதற்கப்பால் எங்கோ இருந்தாள். நகர்த்திப் பார்க்கவும் பட்டை இல்லை. அத்தை சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து அம்மா மொட்டைமாடியிலிருந்து கத்தினாள். மழை வருகிறது, துணி எடுக்கவேண்டும். "அத்தே, சித்தப்பா வர்றதுக்குள்ள இத பழையபடி வெச்சிடணும்" என்று நான் எழுந்தேன்.

"நீ போ, நான் பாத்துக்கறேன். இன்னா பண்ணணும் சொல்லு."

"நோட்பேடுல கண்ட்ரோலையும் இசட்டையும் சேத்து அழுத்து, அழிச்சது வந்துடும். அப்புறம் சேவ் குடு. அவ்ளோதான்."

"இசட் எங்க கீது?"

கீழ்வரிசையில் இடது ஓரத்தில் இருந்த விசையை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு மாடிக்கு ஓடினேன். துணியோடு இறங்கி வந்தபோது கம்ப்யூட்டருக்கு உறை போட்டிருந்தது. அதற்குள் வந்துவிட்டிருந்த சித்தப்பா, எல்லாவற்றையும் ஏற்றிய ஃபிளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புது முடிவெட்டோடு மழையில் சைக்கிளை எடுத்தார். கடைசியாக ஒரு முறை திறந்து பார்க்கவில்லை. அவர் செய்தது தவறாக இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

திங்கட்கிழமை மாப்பிள்ளையே மஸ்கட்டிலிருந்து போன் செய்தார். சித்தப்பா கூடத்தில் நின்று பேச, நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம்.

"திரை மட்டும் தெரியுதா? அது எப்பிடிங்க? எங்களுக்கு நல்லா தெரியுதே... இல்லீங்க, உங்க கம்ப்யூட்டர்லதான் எதுனா கோளாறு... அத கொஞ்சம் செக் பண்ணுங்க... இல்லீங்க, ஃபிரேம் பத்தி உங்களுக்கு அவ்ளோவா தெரியாது போல."

பத்து வருடமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவரிடம் சொல்கிறார். அப்பா கைகூப்பிச் சைகை காட்டினார், போனை வை என்று. சித்தப்பா வைக்கவில்லை. கடைசியில் அந்தப் பக்கம்தான் வைத்தார்கள்.

பிறகு பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்தால், திரையும் ஜாடியும்! உடனே சரிசெய்து மறுபடி ஏற்றினார். ஆனால் போன் செய்து, 'தப்பு எங்களோடது' என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அப்பா கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் பத்துப் பேர் நடுவில் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணு மொகத்த காட்டச் சொன்னா தெரைய காட்றீங்க. கேட்டா எம்புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுன்றீங்க. எத மறைக்கிறீங்க?" அத்தோடு முடிந்தது.

அன்று வீட்டில் விசாரணை. "என் ஃபைல்ல எவ கை வெச்சது?" என்று சித்தப்பா கேட்டார். வீட்டில் டார்கெட் என்றால் என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அத்தை சமையலறை வாசலில் நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. வாயைத் திறக்கப் போனாள்.

பாவம், மறந்துவிட்டாள், அல்லது இசட்டுக்குப் பதிலாக வேறு எதையோ அழுத்திவிட்டாள் என்று நினைத்தேன். தன் கல்யாணத்தைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோம் என்று வெளியே தெரிந்தால் எப்படித் தாங்குவாள்? "நான்தான்" என்றேன் முந்திக்கொண்டு. அம்மா முதுகில் இரண்டு வைத்தாள். சித்தப்பா கீபோர்டைக் கழற்றி பீரோ மேலே வைத்துவிட்டார். அரைப்பரீட்சை லீவு முழுக்க அது கீழே இறங்கவில்லை. எனக்கு அடியைவிட அதுதான் வலித்தது.

ஒன்றரை வருடம் கழித்து அத்தைக்கு அம்பத்தூரிலேயே வரன் அமைந்தது. அதே ஆபீஸில் அடுத்த மேஜைக்காரர். எல்லாம் ஆண்டவருடைய சித்தம் என்று அப்பா இன்றைக்கும் சொல்வார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. கீபோர்டு பீரோ மேலே ஏறிய மறுநாள் காலை, பள்ளிக்கூடம் போக அத்தைதான் எனக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். சட்டைக் காலர் நனைந்தது. எனக்கும் அழுகை வந்தது. பெரிய மனுஷிபோல அவளுக்குத் தேறுதல் சொன்னேன்.

"அழாத அத்தே. அடுத்த மாப்பிள்ளைக்கு நானே போட்டுத் தர்றேன். நானே செக் பண்ணி, நானே சேவ் பண்றேன். நீ ஒண்ணியும் தொடவேணாம்."

அத்தை அழுகையோடு சிரித்து, என் தலையை இழுத்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். அன்றைக்கு டிபன் பாக்ஸில் இரண்டு முட்டை இருந்தது. அவளுக்கு என்மேல் எவ்வளவு நன்றி என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். நாள் முழுக்க டைப் அடிக்கிறவளுக்கு இசட் எங்கே இருக்கிறதென்று தெரியாதா என்ற கேள்வி மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.