ராமாயியின் சிவப்பு அம்பு

ஒரு டயருக்கு இருபது நிமிடம். ஒரு காரை மேலும் கீழும் கழுவித் துடைத்து, உள்ளே தூசி எடுத்து வெளியே அனுப்பவே எனக்கு முக்கால் மணி நேரம்தான் ஆகும். நாலு டயருக்கு மட்டும் அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் ஒரு மனுஷியை வேலைக்கு வைத்திருப்பது, தாராபுரம் ரோட்டில் அவிநாசிபாளையத்தைத் தாண்டி இருக்கும் என்னுடைய வாட்டர் சர்வீஸில் மட்டும்தான் நடக்கும். என் பெயர் லிங்கசாமி. அந்த மனுஷியின் பெயர் ராமாயி. என்னைவிட ஒன்பது வயது சின்னவர். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். அதட்டிப் பேசியே பழகிய என் வாயை மூன்று வருடமாக அடக்கி வைத்திருப்பவர்.

இங்கே வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர் அவர். தைத்து வரும் துணியை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்டது என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. ஆரோ ஸ்டிக்கர் என்பார்கள். எங்கள் ஊரில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. வீட்டுக்கு ஒரு செக்கிங்காரி இருக்கிறாள். எந்த வீட்டுப் பாயைத் தட்டினாலும் நாலு அம்பு உதிரும்.

நாற்பத்தைந்து வயதில் ராமாயிக்குக் கண் மங்க ஆரம்பித்தது. கண்ணாடி போட்டும் ஊசி ஓட்டை சரியாகத் தெரியவில்லை. அவர் பார்த்து அனுப்பிய இரண்டு பீஸ் ஓட்டையோடு போய்விட்டது, மொத்த லாட்டும் திரும்பி வந்தது. மறுநாள் அவரை நிறுத்திவிட்டார்கள். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். “ரெண்டே ரெண்டு பீஸ் அண்ணாச்சி. அதுக்குப் பொறவு எனக்கு ஒரு வருசம் தூக்கம் இல்ல” என்றார். வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அந்த ரெண்டு பீஸைப் பற்றித்தான் பேச்சு.

இங்கே கூட்டிப் பெருக்கத்தான் வந்தார். அப்போது டயருக்கு என் வைத்தியம் வேறு. டீசலில் கொஞ்சம் பழைய ஆயில் கலந்து துணியால் ஒரு இழுப்பு இழுத்தால், டயர் கன்னங்கரேல் என்று பளபளக்கும். வண்டிக்காரர் மகிழ்ச்சியாகக் கிளம்புவார். குண்டடம் போவதற்குள் அத்தனை புழுதியும் அதில் ஒட்டிக்கொள்ளும், மீதி எண்ணெய் தெறித்துக் கதவில் புள்ளி புள்ளியாக அப்பியிருக்கும். அது என் கண்ணுக்குத் தெரியாத தூரம் என்பதால் நான் கவலைப்பட்டதில்லை.

வந்த மூன்றாம் நாள் ராமாயி ஒரு வெள்ளை பனியன் துணியை மடித்து, நான் முடித்து வைத்திருந்த டயரில் பத்து முறை தேய்த்தார். துணியைத் திருப்பி என் முகத்துக்கு நேரே காட்டினார். கருப்பும் காவியுமாக இருந்தது.

“கம்பெனியில சாயத் துணிய இப்படித்தான் தேச்சுப் பாப்பாவ அண்ணாச்சி. வெள்ளைத் துணியில ஒட்டுனா சாயம் நிக்கலன்னு அர்த்தம். நீங்க அழுக்க எடுக்கல, மூடி வச்சிருக்கிய.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “அப்படீன்னா நீங்களே பண்ணுங்க அம்மிணி” என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு வாயைக் கொடுத்து மாட்டியவன்தான்.

அவர் செய்வது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வெயிலில் நின்று நின்று பழைய டயர் பழுப்பேறிவிடும், அதன் மேல் என்னைப் போன்றவர்கள் பூசிய எண்ணெயும் படிந்திருக்கும். சோப்புத் தண்ணீர் அடித்து, முரட்டு பிரஷ்ஷால் தேய்ப்பார். நுரை டீக்கடை டீ போலப் பழுப்பாக வரும். கழுவிவிட்டு மறுபடியும் தேய்ப்பார். நுரை வெள்ளையாக வரும்வரை விடமாட்டார். சில வண்டிகளுக்கு ஐந்து தடவை ஆகும். பிறகு எழுத்துகளின் இடுக்கில்கூட ஈரம் இல்லாமல் துடைத்துக் காயவிடுவார். பால் மாதிரி இருக்கும் தண்ணீர் கலந்த பாலிஷைத் துணியில் கொஞ்சமாகத் தொட்டு, மெல்லிசாக ஒரு கை. கால் மணி நேரம் ஊறவிட்டு, மிஞ்சியதைத் துடைத்து எடுத்துவிட்டு, இன்னொரு கை. ரோட்டில் படும் பக்கத்தில் மட்டும் ஒரு சொட்டு வைக்கமாட்டார், வழுக்கும் என்பார். கடைசியில் வெள்ளைத் துணி. அது வெள்ளையாகவே திரும்பி வந்தால்தான் வண்டிக்கு விடுதலை.

இதில் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது நடுவில் வரும் ஒரு சடங்கு. தரையோடு ஒட்டி நிற்கும் பாகத்துக்குக் கை போகாது என்று, ஒவ்வொரு வண்டியையும் அரைச் சுற்று முன்னால் தள்ளச் சொல்வார். “அண்ணாச்சி, ஒரு தள்ளு.” எனக்கு இடுப்பு வலி. “யாருங்க அம்மிணி டயருக்கு அடியில குனிஞ்சு பாக்கறாங்க” என்பேன். அவர் பிரஷ்ஷைப் பிடித்தபடி ஒதுங்கி நிற்பார். நான் தள்ளுவேன்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் கை வைத்த டயர் இரண்டு மழைக்குப் பிறகும் மூன்று வாரம் கருப்பாக நின்றது. பளபளப்பு இல்லை, புது டயரின் அந்த அமைதியான கருப்பு. பல்லடத்திலிருந்தெல்லாம் தேடி வந்தார்கள். வந்தவர்கள் என்னிடம் பேசிவிட்டு, கண்ணால் அவரைத்தான் தேடினார்கள். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

போன டிசம்பரில் திருமூர்த்தி ஒரு வெள்ளி நிறக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பழைய வண்டி வாங்கி விற்பவர் அவர். மாதம் பத்துப் பன்னிரண்டு வண்டி எனக்குக் கழுவத் தருவார். என் கடையின் பாதிப் பிழைப்பு அவர் தயவு என்றுகூடச் சொல்லலாம்.

“அண்ணா, நாலு மணிக்குப் பார்ட்டி இங்கயே வருதுங்க. புதுசாட்டம் பண்ணி நிறுத்திப்போடுங்க” என்று சொல்லிவிட்டு எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்தார்.

பதினான்கு வயது வண்டி. ராமாயி முன் டயர் இரண்டையும் முடித்துவிட்டுப் பின்னால் போனார். பிரஷ் சத்தம் கேட்டது. “அண்ணாச்சி, ஒரு தள்ளு” கேட்டது, தள்ளினேன். பிறகு சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால், முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு டயரின் பக்கவாட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பழுப்பெல்லாம் போய், காய்ந்து நின்ற ரப்பரில் வெடிப்புகள் ஓடின. வறண்ட குளத்து மண் மாதிரி. சில வெடிப்புகளில் நகம் உள்ளே போனது. இரண்டு பின் டயரிலும் அதே கதை. பழக்க தோஷத்தில் வெடிப்பு உள்ள இடத்திலெல்லாம் சிவப்பு அம்பு ஒட்டி வைத்திருந்தார். அந்த ஸ்டிக்கர் அட்டை இன்னும் அவர் டிபன் பையில் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

திருமூர்த்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சிரித்தார்.

“அதுக்குத்தானுங்கண்ணா உங்ககிட்ட உட்டது. நல்லாக் கருப்பு அடிச்சு உடுங்க, தெரியாது.”

ராமாயி தலையைத் தூக்கவில்லை. “என் கையால இதுக்குப் போட மாட்டேன் அண்ணாச்சி. இது டேமேஜ்.”

“அம்மிணி, நம்ம வேலை கழுவறது. வண்டிய விக்கறது அவரு.”

“வெடிச்சா ஆளுல்ல போவும்.”

திருமூர்த்தி என்னைப் பார்த்தார். மாதம் பன்னிரண்டு வண்டி அந்தப் பார்வையில் நின்றது. எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. “அடிக்க முடியலீன்னா நாளையிலிருந்து வர வேண்டாங்க” என்று சொன்னேன். சொன்ன வாயை அப்போதே மூடியிருக்கலாம். மூடவில்லை. ராமாயியின் கையிலிருந்த துணியை வாங்கி, கண்ணில் பட்ட அம்புகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நானே உட்கார்ந்தேன். பாலிஷைக் கொட்டி, அவசர அவசரமாகப் பூசினேன். ராமாயி என் பின்னால் வந்து தூணில் மாட்டியிருந்த பையை எடுத்தார். முதுகில் ஏதோ பட்டது, பை உரசியது என்று நினைத்தேன். வண்டியைத் தள்ளச் சொல்ல ஆள் இல்லை என்பதால் தரையோடு இருந்த பாகத்தை நான் தொடவே இல்லை.

அவர் உடனே போகவில்லை. தாராபுரத்திலிருந்து வரும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு, வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தார்.

நாலு மணிக்குப் பார்ட்டி வந்தது. முதலிபாளையத்தில் தையல் மிஷின் ஓட்டும் அந்தோணிராஜ், அவர் மனைவி ஆஷா, இரண்டு சின்னப் பிள்ளைகள். நாலு பேரும் ஒரே மொபெட்டில் வந்து இறங்கினார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். மறுநாள் விடியும்போதே கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போவது இந்தக் காரில்தானாம். அவர்கள் வாங்கும் முதல் வண்டி. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தன. அந்தோணிராஜ் கதவைத் திறந்து மூடிச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார்.

“நல்ல வெளிச்சத்துல பாருங்க” என்று திருமூர்த்தி ஏறி, வண்டியைக் கூரைக்கு வெளியே நாலடி நகர்த்தினார்.

சக்கரம் சுற்றியது. அடியில் இருந்தது மேலே வந்தது.

ஆஷாதான் முதலில் பார்த்தார். பின் டயரில், நான் பாலிஷ் போடாமல் விட்ட சாம்பல் திட்டின் நடுவே ஒரு சிவப்பு அம்பு. அவர் குனிந்து உட்கார்ந்தார்.

“ஏங்க, இங்க வாங்க. ஆரோ ஒட்டியிருக்கு.”

“காத்துல எங்கிருந்தாவது வந்து ஒட்டியிருக்கும்” என்றார் அந்தோணிராஜ்.

“நானும் செக்கிங்தானே பாக்கேன். காத்துல வந்தா எப்படி இருக்கும், கை வச்சு ஒட்டுனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா.” அம்பு காட்டிய இடத்தில் விரலை வைத்தார். நகம் உள்ளே போனது. சேலைத் தலைப்பால் மேலே இருந்த என் பாலிஷைத் துடைத்தார், தலைப்பு கருப்பானது. அங்கேயும் வெடிப்பு. எழுந்து என்னைப் பார்த்தார். “இது யாரு ஒட்டுனது?”

எதையாவது சொல்லி மழுப்ப, திருமூர்த்தி எனக்கு முன்னால் வாயைத் திறந்தார். வாசல் கல்லில் இருந்த ராமாயி எழுந்து நின்றுவிட்டார், தான் ஒட்டியதாகச் சொல்லத்தான். மறுபடியும் ஒரு கம்பெனி அவரை நிறுத்தப் போகிறது, இந்த முறை ஓட்டையைக் கண்டுபிடித்ததற்காக. எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

“எங்க செக்கர் ஒட்டுனதுங்க” என்றேன். “பின்னாடி டயர் ரெண்டும் ஆகாதுன்னாங்க. நாந்தான் பூசி மறைச்சுப்போட்டேன். இதுல பிள்ளைங்கள ஏத்தீட்டுப் போவாதீங்க.”

திருமூர்த்தி என்னிடம் பேசியதை எழுத முடியாது. ஆனால் வியாபாரி அல்லவா, அந்தச் சாயங்காலமே இரண்டு புது டயர் மாட்டிக் கொடுத்து அதே வண்டியை அவர்களுக்கே விற்றார். அதன் பிறகு எனக்கு ஒரு வண்டிகூட அவர் அனுப்பவில்லை. அனுப்பமாட்டார்.

ராமாயிக்கு முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை. “நாளைக்குக் காலையில ஒரு வேன் வருதுங்க, அம்மிணி” என்றேன்.

“எத்தன டயரு?”

“ஆறுங்க.”

“நீங்கதான் தள்ளணும்” என்றார். பையைக் கொண்டுபோய்த் தூணில் மாட்டிவிட்டு, வெள்ளைத் துணியைத் துவைக்கப் போனார்.

அன்று மாலை வீட்டில் சட்டையைக் கழற்றினேன். என் மனைவி கமலாம்பாள் அதை வாங்கி உதறப் போனவள் நிறுத்தினாள்.

“ஏனுங்க, முதுகுல என்னுங்க இது?”

சட்டையின் நட்ட நடு முதுகில், தலை மேல்நோக்கி, ஒரு சிவப்பு அம்பு. கோணல் இல்லாமல், விரலால் அழுத்தி ஒட்டியது. மத்தியானத்திலிருந்து அதோடுதான் நான் எல்லார் முன்னாலும் நின்றிருக்கிறேன்.

கமலாம்பாளும் ஒரு காலத்தில் கம்பெனிக்குப் போனவள்தான். பார்த்ததும் புரிந்துகொண்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். “கவலப்படாதீங்க. ஆரோ ஒட்டுன பீஸைத் தூக்கி எறிய மாட்டாங்க. சரி பண்ணத்தான் அனுப்புவாங்க” என்றாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு ராமாயி வந்தார். ஆறு டயருக்கும் நான் தள்ளினேன். அந்தச் சட்டையைத் துவைக்கப் போடும்போது அந்த அம்பை மட்டும் எடுத்து, கடையில் பாலிஷ் டப்பா வைக்கும் பலகையில், என் கண்ணுக்கு நேரே ஒட்டி வைத்திருக்கிறேன்.