கிளையில் காய்த்த ஏலக்காய்

பாண்டியம்மாள் அக்கா ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனாலும் எங்கள் ஜீப்பில் முன்சீட்டு அவருக்குத்தான். கம்பத்திலிருந்து மலையேறி ஏலத்தோட்டம் போய்ச் சேரும்வரை நூலகத்து நாவல் ஒன்றைச் சத்தமாக வாசிப்பார். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பதினோரு பெண்களும் கேட்போம். டிரைவர் முத்துப்பாண்டி அண்ணன் பாட்டே போடமாட்டார்.

இந்த வருடம் வாசித்தது இரண்டாயிரத்துத் தொண்ணூறில் நடக்கும் கதை. பச்சையே இல்லாத உலகம். தண்ணீருக்கு அட்டை, விதை வைத்திருந்தால் சிறை. நாயகி ஒரே ஒரு ஏல விதையை ஒளித்துவைத்து முளைக்க வைப்பாள். அக்கா அதை வாசித்து முடித்த அன்று மாயக்காள் அழுதே விட்டாள்.

அந்த நாவலைப் படமாக எடுத்தார்கள். அக்கா எங்கள் எல்லாரையும் வேலைக்கு மட்டம் போட வைத்துத் தேனிக்குக் கூட்டிப்போனார்.

படத்தில் உலகமே அழிந்திருந்தது. நாயகியின் புருவ மை மட்டும் அழியவில்லை. எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் என்று வில்லன் உறுமினான்.

"எங்க தெருவுல பத்து நாளு. இவன் நல்லவன்டி!" என்றாள் மாயக்காள். தியேட்டரே சிரித்தது.

பிறகு நாயகியின் அம்மா செத்துப்போனாள். அக்கா வாசித்த கதையில் அவள் சாகவே இல்லை. கடைசியில் அந்த விதை மாமர உயரத்துக்கு வளர்ந்து, கிளைதோறும் ஏலக்காய் தொங்கியது. ஏலக்காய் தூரில், தரையோடு சரம் விட்டுக் காய்க்கும். அதைக் குனிந்து குனிந்து எடுத்தே இடுப்பு ஒடிந்தவர்கள் நாங்கள்.

"ஏணி வச்சுப் பறிப்பாக போல!" என்றாள் எங்களில் ஒருத்தி.

"நாவலக் கெடுத்துட்டானுக" என்று அக்கா பஸ்ஸில் புலம்பிக்கொண்டே வந்தார்.

மறுநாள் முத்துப்பாண்டி அண்ணன் பாட்டைப் போட்டுவிட்டார். "இனிமே கதை வேணாம் ஆத்தா. ஒரு நாள் பொழப்பு போச்சு." பின்னால் இருந்தவர்களும் அவர் பக்கம்தான். அக்கா நாவலை மடியில் வைத்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தப்பு படத்தில்தான், புத்தகத்தில் இல்லை என்று காட்டிவிட நினைத்து, நாவலை வாங்கிக் கடைசிப் பக்கத்தை வாசித்தேன். "கிளைகளில் கொத்துக் கொத்தாய் ஏலக்காய்கள்..."

பாதியில் நிறுத்திவிட்டேன்.

"ஏய் பாண்டியம்மா, எங்களுக்குத் தூருலன்னுதான வாசிச்ச?" என்றாள் மாயக்காள்.

"எழுதுனவரு செடியப் பாத்ததில்ல போல. திருத்தி வாசிச்சேன்."

"அப்ப அந்தப் பிள்ளையோட ஆத்தா?"

"புத்தகத்துலயும் செத்துத்தான் போறா. அன்னைக்கு உங்க ஆத்தா ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. எப்பிடி வாசிக்க?"

ஆக, படம் எடுத்தவர்கள் நாவலில் எதையுமே மாற்றவில்லை. அவர்கள் செய்த தப்பே அதுதான்.

மாயக்காள் எட்டி டிரைவரின் தோளைத் தட்டினாள். "அண்ணே, பாட்ட நிறுத்துங்க. " பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏ ஷெரினு, அந்தப் புத்தகத்தப் பைக்குள்ள வையி. பாண்டியம்மா, நீ வாசி."