மூன்றாவது நிரல்

எங்கள் பள்ளிவாசலின் ஐம்பதாம் ஆண்டு மலரில், முப்பத்தெட்டாம் பக்கத்தில், ஏழைகளுக்கான கட்டாயக் கொடையான ஸகாத்தின் விநியோக அறிக்கையின் அடியில் ஒரு வரி இருக்கிறது: “2013ஆம் ஆண்டில் ஒரு பயனாளி மாத்திரம் நன்றியின்றி உதவியை நிராகரித்தார்.” பெயர் அச்சிடப்படவில்லை. அதனால் அது மரியாதை ஆகிவிடாது. அந்த ரமழானில் அரிசி மூட்டையைத் தூக்காமல் வீடு திரும்பியவள் ஒருத்திதான் என்பது தோப்பூரில் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒருத்தி நான். என் பெயர் ஸல்ஹா. தொழில் தயிர் வியாபாரம். அந்த வரி பிழையானது. எவ்வாறு பிழையானது என்பதற்கான ஆவணங்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தே இதை எழுதுகிறேன்.

நான் ஆறாம் வகுப்புடன் பாடசாலையை விட்டவள். என் கணவர் மகாவலியில் மணல் தோணி வலித்தவர். 2005இல் காய்ச்சலில் மௌத்தானார். அவர் இறந்த மறுவருடம் சண்டை தொடங்கியபோது இரண்டு பெண் பிள்ளைகளுடன் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தேன். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. ரமழான் பிறந்தது. பள்ளிவாசலிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு கொண்டு வந்து தந்தார்கள். அதில் என் இலக்கம் பத்தொன்பது. அதன் கீழே, பெறுவோர் மொத்தம் நூற்றுப் பதினெட்டு என்று இருந்தது. துண்டைக் காட்டியதும் பாதியைக் கிழித்து எடுத்துக்கொண்டு மறுபாதியுடன் மூட்டையைத் தந்தார்கள். அன்று நான் அழுதேன். அது நன்றியால் வந்த அழுகை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மறுபாதியை எடுத்து வைத்தேன்.

பின்னர் ஒரு தயிர் முதலாளியின் வளவில் எருமைப்பால் காய்ச்சும் கூலி வேலை கிடைத்தது. காய்ச்சிய பாலைச் சட்டிகளில் ஊற்றி, உறைந்தபின் வாயைப் பழைய பத்திரிகைத் தாளால் கட்ட வேண்டும். கட்டுவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் வாசிப்பேன். எழுத்துக்கூட்டி வாசித்தவள் நான்கு வருடத்தில் தலையங்கம் வாசிப்பவள் ஆனேன். ரமழான் காலத்துத் தாள்களில் ஸகாத் பற்றிய கட்டுரைகள் வரும். அப்படி ஒன்றில், ஏழைக்கு மறுபடி கேட்கத் தேவையில்லாத அளவுக்குக் கொடுக்க வேண்டும் என்றும், தொழில் தெரிந்தவருக்கு அந்தத் தொழிலின் கருவியை வாங்கிக் கொடுக்கலாம் என்றும் நம்முடைய மத்ஹபின், அதாவது நாம் பின்பற்றும் மார்க்கச் சட்ட வழியின், அறிஞர்கள் எழுதியிருப்பதை வாசித்தேன். அந்தத் தாளைச் சட்டியில் கட்டவில்லை. அது என் கோப்பில் முதலாவதாக இருக்கிறது.

எனக்குத் தெரிந்த தொழில் தயிர். அதன் கருவி எருமை.

2013 ரமழானில் துண்டை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் ரபாய்தீன் மாஸ்டர் மேசையில் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு சதம் பிசகாதவர். அவரைப் பற்றிய என் முறைப்பாடு நேர்மை பற்றியதல்ல. மூட்டை வேண்டாம், இரண்டு எருமைக் கன்றுகள் வாங்கித் தாருங்கள் என்று கேட்டேன். ஒருத்திக்கு எருமை கொடுத்தால் இருபது பேருக்கு அரிசி இல்லாமல் போகும் என்றார். நான் எட்டு வருடத்து எட்டுத் துண்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தேன். எல்லாவற்றிலும் என் இலக்கம் பத்தொன்பது. கீழே இருந்த மொத்தம் மட்டும் நூற்றுப் பதினெட்டிலிருந்து முன்னூற்றுப் பன்னிரண்டாகக் கூடியிருந்தது.

“மாஸ்டர், எட்டு வருசமா அரிசி குடுத்தீங்க. ஒருத்தராவது இதில இருந்து வெளிய போனாங்களா?”

அவர் என்னைத் தேற்றுவதாக நினைத்தே அந்தப் பதிலைச் சொன்னார். அதை இன்றுவரை நான் மறக்கவில்லை.

“நீங்க ஏன் புள்ள பயப்படுறீங்க? மௌத்து வரைக்கும் உங்கட பேர் இதில இருக்கும்.”

சொல்லிவிட்டு, நான் நம்ப வேண்டும் என்பதற்காகப் பதிவேட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அது ‘பெறுவோர் பதிவேடு’. பத்தொன்பதாம் வரியில் என் பெயர் இருந்தது. வரியின் முடிவில் ‘நீக்கம்’ என்ற தலைப்பு. அதன் கீழே இரண்டு நிரல்கள். ஒன்றில் ‘மரணம்’, மற்றதில் ‘ஊர் மாற்றம்’. பக்கத்தை அச்சடிப்பதற்கு முன்பே, ஏழைகள் எந்த இரண்டு வழிகளால் அந்தப் பதிவேட்டை விட்டுப் போகலாம் என்று யாரோ தீர்மானித்துவிட்டார்கள்.

“மூன்றாவது நிரல் எங்க, மாஸ்டர்?” என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. மூட்டையைக் கதிரைக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். மலரில் அச்சான ‘நன்றியின்மை’ என்பது இதுதான்.

அந்த நேரம் அலுவலகத்தில் இன்னொருவர் இருந்தார். உதுமாலெவ்வை அப்பா, வயதுக்காக ஊரே அப்பா என்று அழைப்பவர். நூற்றிருபது எருமைகள் கொண்ட பட்டிக்காரர். அவ்வளவு பெரிய பட்டிக்கு வருடத்துக்கு நான்கு ஒருவயதுக் கன்றுகள் ஸகாத். அவர் ஒவ்வொரு வருடமும் கன்றுகளை விற்று, அந்தப் பணத்தைப் பள்ளிவாசலில் கட்டுகிறவர். அன்றும் அதற்காகவே வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்பது மாதம் கழித்து, என் வீட்டுப் படலைக்கு முன்னால் நான்கு பெண் கன்றுகளுடன் வந்து நின்றார். இரண்டு எனக்கு, இரண்டு பக்கத்து வீட்டு சுஹைராவுக்கு என்றார். சுஹைராவின் கணவர் பக்கவாதத்தில் படுக்கையில் இருந்தார். அவளும் பதிவேட்டில் இருந்தவள்.

“காசாக்கினா என்ட கன்று எல்லாம் அரிசியாப் போகுது. அரிசி ஒரு மாசத்தில முடியுது. கன்றாவே வெச்சுக்கொள்ளுங்க,” என்றார்.

அடுத்த வருடமும் நான்கு கன்றுகளை ஓட்டி வந்தார். அதற்கடுத்த வருடம் வரவில்லை. வேறு யாருக்காவது கொடுங்கள் என்று நாங்களே சொல்லி அனுப்பியிருந்தோம்.

கன்று பால் தராது. நான்கு வருடம் நான் கூலிக்குப் பால் காய்ச்சிக்கொண்டே எட்டையும் வளர்த்தேன். காலையில் சுஹைரா மேய்ச்சல்தரைக்கு ஓட்டிச் செல்வாள், பின்னேரம் நான் மடக்கி வருவேன். ஒரே பட்டி, ஒரே குளம், ஒரே கடா. நட்டமானாலும் இலாபமானாலும் இருவருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கைச்சாத்திட்டோம். அதுவும் கோப்பில் இருக்கிறது. கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர் கீர்த்தனி நகரத்திலிருந்து வந்து ஒவ்வொன்றின் காதிலும் மஞ்சள் இலக்கம் குத்தி, பிறந்த திகதியை எழுதித் தந்தார். அதையெல்லாம் இடுவதற்காக ஒரு நீலக் கோப்பையும் அவரே தந்தார். “ஸல்ஹாக்கா, உங்களிட்ட இருக்கிற விபரம் எங்கட ஒஃபிசிலயும் இல்ல,” என்பார்.

2018இல் எங்கள் சொந்தப் பாலில் சொந்தத் தயிர் உறைந்தது. அந்த மாதமே பள்ளிவாசலுக்குக் கடிதம் எழுதினேன்: பெறுவோர் பதிவேட்டிலிருந்து பத்தொன்பதாம் இலக்கத்தை நீக்குக. பள்ளிவாசல் என் வீட்டிலிருந்து மூன்றாவது ஒழுங்கை. இருந்தாலும் பதிவுத் தபாலில் அனுப்பினேன்; பற்றுச்சீட்டு வேண்டும் என்பதற்காக. ஐந்து வருடத்தில் ஐந்து கடிதங்கள். எழுத்தில் பதில் வரவில்லை. வீதியில் கண்டபோது மாஸ்டர் சொன்னார், பெயர் இருந்தால் என்ன குறை, மூட்டையை எடுக்காமல் விட்டால் போச்சு என்று. என் மூத்தவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் பள்ளிவாசலில் விசாரித்தபோது, ஸகாத் எடுக்கிற குடும்பம் என்ற பதில்தான் கிடைத்தது. பதிவேட்டைப் பார்த்துச் சொன்ன பதில். அவர்கள் மறுபடி வரவில்லை. பெயர் இருந்தால் என்ன குறை என்பதற்கு அதுவே விடை.

2023 டிசம்பரில் மலர் வெளியானது. முப்பத்தெட்டாம் பக்கத்தைச் சுஹைராவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள், “பட்டியில இப்ப எத்தின நிக்குது?” என்று கேட்டாள். இருபத்தொன்பது. என்னுடையவை பதினாறு, அவளுடையவை பதின்மூன்று. சினையாக ஒன்று நின்றது.

எருமைக்கு ஸகாத் கடமையாகும் எல்லை முப்பது. முப்பதுக்கு ஒரு ஒருவயதுக் கன்று. ஜனவரியில் சினை எருமை ஈன்றது. அன்றிலிருந்து ஒரு சந்திர வருடம் முப்பதும் முப்பதாகவே இருக்க வேண்டும். ஒன்று செத்தாலும், ஒன்றை விற்றாலும் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் பலிக்கு மாடு வாங்கும் குர்பான் வியாபாரிகள் பட்டியில் பிறந்த இரண்டு இளங்கடாக்களுக்கு நல்ல விலை சொன்னார்கள். சுஹைராவின் கணவருக்கு மருந்து தேவைப்பட்ட காலம் அது. விற்போம் என்று நானே சொன்னேன். அவள் ஏலாது என்றாள். இரண்டு மாதம் இரு வீட்டிலும் தயிர்ப் பணத்தில் முதலில் மருந்து வாங்கப்பட்டது, மிச்சத்துக்குத்தான் கறி. நவம்பர் வெள்ளத்தில் பட்டி மூன்று நாள் மேட்டில் நின்றது. கடைசியாகப் பிறந்த கன்றை நெஞ்சளவு தண்ணீரில் இருவரும் தூக்கிக் கரை சேர்த்தோம். முப்பதும் இருந்தன.

2025 ஜனவரியில் வருடம் நிறைந்தது. சட்டத்துக்கு ஆண் கன்று போதும். நாங்கள் பெண் கன்று ஒன்றைத் தெரிந்தெடுத்து, நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம் பள்ளிவாசல் அலுவலக வாசலுக்கு ஓட்டிச் சென்றோம். தொழுது முடித்தவர்கள் செருப்பைப் போடாமல் நின்று பார்த்தார்கள்.

“என்ன புள்ள கன்றோட? ஆருக்கு நேர்ச்ச?” என்றார் மாஸ்டர்.

“நேர்ச்ச இல்ல மாஸ்டர். ஸகாத்து.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். பட்டியின் எண்ணிக்கைக்குக் கீர்த்தனி எழுதித் தந்த அத்தாட்சியைக் கொடுத்தேன். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை மாட்டி நிதானமாக வாசித்தார். உங்களுக்குப் பதினேழு, சுஹைராவுக்குப் பதின்மூன்று, இருவர் மீதும் கடமை இல்லை, கன்றை வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்றார்.

“பிரிச்சாத்தானே இல்ல,” என்றாள் சுஹைரா. “எங்கட பட்டி பிரிஞ்சா நிக்குது?”

மௌலவியை அழைத்தார்கள். வயதில் இளையவர். மேய்ச்சல் ஒன்றா, தண்ணீர் ஒன்றா, அடைக்கும் இடம் ஒன்றா, கடா ஒன்றா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றோம். நம்முடைய மத்ஹபில் அது ஒரே பட்டி, கடமைதான் என்றார். பிறகு மாஸ்டரைப் பார்த்து, “கடமையில இருந்து தப்புறதுக்குப் பிரிச்சுக் காட்டுறவங்களக் கண்டிருக்கன். சேர்த்துக் காட்டி வாறவங்கள இண்டைக்குத்தான் காணுறன்,” என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் ரூபாய் எழுதும் இடம் மட்டும் இருந்தது. மாஸ்டர் பேனையுடன் தடுமாறினார்.

“கன்று ஒண்டு, வால் ஒண்டு எண்டு எழுதுங்க மாஸ்டர், கெதியா. அது கனநேரம் நிக்காது,” என்றாள் சுஹைரா.

எழுதினார். கொடுப்போர் பதிவேட்டில் எங்கள் இருவர் பெயரையும் பதிந்தார். நான் மேசையை விட்டு நகரவில்லை.

“மாஸ்டர், ஒராள் ரெண்டு கொப்பியிலயும் இருக்க ஏலாது.”

அவர் பெறுவோர் பதிவேட்டை எடுத்தார். பத்தொன்பதாம் வரிக்கு வந்தார். மரணம், ஊர் மாற்றம். பேனை இரண்டுக்கும் நடுவில் நின்றது. “எதில போடுற?” என்று மெதுவாகக் கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் கேட்ட கேள்வி அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

கோப்பிலிருந்து அடிமட்டத்தை எடுத்து மேசையில் வைத்தேன். வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தேன்.

அதை வைத்துப் பக்கத்தின் ஓரத்தில் அவர் ஒரு கோடு கிழித்தார். மேலே என்ன எழுதுவது என்று கேட்டார். தேவை தீர்ந்தது என்று எழுதுங்கள் என்றேன். பாடசாலைக் கரும்பலகையில் எழுதுவதுபோல் வடிவாக எழுதினார். என் பெயருக்கும் சுஹைராவின் பெயருக்கும் நேரே திகதியிட்டு ஒப்பமிட்டார். அந்தப் பக்கத்தின் பிரதியைச் சந்திக் கடையில் எடுத்தேன். கோப்பில் அதுதான் இப்போது கடைசித் தாள்.

கன்றை ஹஜ்ஜுக் காலத்தில் விற்றுப் பணத்தைச் சேர்க்கலாம் என்று மாஸ்டர் சொன்னபோது, அரிசியாகப் போவதற்குச் சம்மதிக்க மாட்டோம் என்றோம். மௌலவி எங்கள் பக்கம் நின்றார். இருநூற்றெட்டாம் இலக்கக்காரி, இடியப்பம் அவித்து விற்கும் ஒருத்தி, அதை ஸகாத்தாகப் பெற்றுக் கயிற்றோடு கொண்டு போனாள். ஈனும்வரை எங்கள் பட்டியோடு அதுவும் மேய்கிறது.

மலரின் முப்பத்தெட்டாம் பக்கத்துக்குத் திருத்தம் கேட்டு ஆறாவது கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது நிரலில் இன்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. பதிவேட்டின் அந்தப் பக்கத்தில், அந்த நிரலில், இன்னும் இருபத்தாறு வரிகள் வெறுமையாகக் கிடக்கின்றன. பிரதியில் எண்ணிப் பார்த்தேன்.