குக் கவுண்டியின் நாடி பிடித்தவர்

சத்தியமாக நடந்த கதை இது. பேரின்பநாதனின் மஸ்டா கார்மேல் ஆணை. சரி, ஆணை கொஞ்சம் கூடிப்போயிற்று. நடந்தது ஒரு சாண், இங்கே முழமாக இழுத்திருக்கிறது. அதுவும் அந்த மனிதரோடு பழகிய தோஷம்தான். இங்கே தியாகராசா வீட்டில் பிறந்தநாள் கேக் வெட்ட இன்னும் நேரம் கிடக்கிறது, கேளுங்கள்.

பேரின்பநாதன் கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் வாடகைக்கு இருந்தார். டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாட்டைத் தட்டுகளில் அடுக்குவது வேலை. அமெரிக்கா போகும் விமானங்களுக்கும் தானே அடுக்குவதால் அமெரிக்க அரசியலே தன் கைக்குள் என்பது அவர் நினைப்பு. மச்சான் ஒருவர் சிக்காகோவில் இருந்தது இன்னும் வசதியாகிவிட்டது.

"சிக்காகோ இருக்கிற குக் கவுண்டி எண்டால் லேசுப்பட்ட இடமே? கறுப்பினம், போலந்துக்காரர், மெக்சிக்கோக்காரர், எங்கட சனம், உலகமே அங்கைதான். அவ்வளவு பேற்றை நாடியும் எனக்குத் தெரியும். இந்தமுறையும் டெமோக்கிரட்டுக்குத்தான் குத்துவினம், பாருங்கோ!"

1996 நவம்பரில் அப்படியே நடந்தது. நடக்காமல்? எழுபத்தாறாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் அந்தக் கவுண்டி அதே கட்சிக்குத்தான் போட்டு வந்தது. மொன்ட்ரியாலில் தை மாதம் பனி கொட்டும் என்று சொல்ல எவ்வளவு ஞானம் வேண்டுமோ, இதற்கும் அவ்வளவுதான். ஆனால் டெப்பனர் எனும் மூலைக் கடை வாசலில் நின்ற கூட்டம் வாயைப் பிளந்தது. வேறெதற்கும் பழகாத வாய்கள்.

"ஜனாதிபதியையே கணிக்கிற மனுசன்! எங்கட தமிழ் மன்றத்துக்கு நீங்கள் தலைவரா வந்தால் என்ன, அண்ணை?" என்றான், அவரோடு தட்டு அடுக்கும் வின்சன்ட்.

அந்தச் சொல் பேரின்பநாதனின் தலைக்குள் ஏறிக் குந்திக்கொண்டது. அவர் தலைவராகாவிட்டால் டோர்வலில் ஒரு விமானமும் எழும்பாது என்ற நிலை. புதுக் கோட்டு வாங்கினார். கண்ணாடி முன்னால் நின்று, பொன்னாடை வாங்கக் குனிந்து பழகினார். மனைவி புஷ்பராணி வெற்றி விருந்துக்கு மலைபோல ரோல்ஸ் பொரித்துக் குவித்தாள்.

"கேட்ட உடன ஓம் எண்டுபோடாதேங்கோ. பதவி ஆசை எண்டு கதைப்பினம்."

"எனக்கென்ன விசரே? முதல்லை வேண்டாம் எண்டுவன். வின்சன்ட் எழும்பி, நீங்கள்தான் வரவேணும் எண்டு மல்லுக்கட்டுவான். பேந்து, உங்கட விருப்பம் எண்டு தலையைக் குனிவன்."

பந்தியில் 'போதும் போதும்' என்று கையால் தட்டை மறைத்துக்கொண்டே, இன்னொரு அகப்பைச் சோற்றுக்குக் காத்திருப்போமே, அதே மரியாதைதான்.

மாசியில், ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் கூட்டம். ஒருவரையொருவர் நம்பாத சனம். அதனால் தேர்தலை நடத்த நகரின் மறுகோடியான பியர்பொன்ட்ஸிலிருந்து சண்முகவேல் என்ற தமிழ்நாட்டு எஞ்சினியரைக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளைக்காரரோடு மீட்டிங் இருந்து இருந்து, இந்த மரியாதையெல்லாம் மறந்துபோன மனிதர் அவர்.

வின்சன்ட் பேரின்பநாதனின் பெயரை முன்மொழிந்தான். யாரோ வழிமொழிந்தார்கள்.

"பேரின்பநாதன் சார், உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார் சண்முகவேல்.

"ஐயோ, எனக்கென்னத்துக்குப் பதவி? வேண்டாம்."

"நிஜமாவே வேண்டாமா?"

"வேண்டாம், வேண்டாம். ஆரும் பெரியாக்களைப் போடுங்கோ" என்றபடி ஓரக்கண்ணால் வின்சன்டைப் பார்த்தார்.

வின்சன்டின் வாய்க்குள் புஷ்பராணி பொரித்த முழு ரோல்ஸ் ஒன்று கிடந்தது. கண் பிதுங்கிற்று, சத்தம் வரவில்லை.

"சரி சார், உங்க முடிவை மதிக்கிறேன். அடுத்த பேர் சொல்லுங்க."

கழிப்பறையிலிருந்து கை துடைத்தபடி வந்த தியாகராசாவை யாரோ காட்டினார்கள். "ஓம், செய்யிறன்" என்றார் அவர். எல்லோரும் கை தூக்கினார்கள். புதுக் கோட்டுக் கையைப் பேரின்பநாதனும் தூக்கினார். தூக்காவிட்டால் பதவி ஆசை என்று கதைப்பார்களே! சிக்காகோவின் நாடி பிடித்தவருக்குப் பக்கத்துக் கதிரைக்காரனின் வாயில் என்ன கிடக்கிறது என்று தெரியாமல் போயிற்று.

இந்த இடத்தில், கேட்டுக்கொண்டிருந்த வின்சன்ட் துள்ளி எழும்பினான்.

"பச்சைப் பொய்! முழு ரோல்ஸ் இல்லை, அரைவாசிதான்!"

"அரைவாசி எண்டால் வாயைத் திறந்திருக்கலாமே, தீனிப் பண்டாரம்!" என்று பாய்ந்தாள் புஷ்பராணி.

"அக்கா, அந்த உறைப்புக்கு ஆருக்குத்தான் நாக்குப் பிரளும்?"

"என்ரை ரோல்ஸிலையோ குறை பிடிக்கிறாய்?"

"விடுங்கோ, எனக்கு உண்மையா அந்தப் பதவி வேண்டாம் எண்டுதான்..." என்று மூலையிலிருந்து தொடங்கினார் பேரின்பநாதன்.

"நீங்கள் வாயை மூடுங்கோ!" என்று இருவரும் ஒன்றாக அவர்மேல் திரும்ப, விலக்குப் பிடிக்கத் தலைவர் தியாகராசா கேக் வெட்டும் கத்தியோடேயே ஓடி வந்தார்.