டாலி வேறு, கோள் வேறு

1. முதல் நாள், ஆறு தூக்கு

துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் ஐந்து மாதம் டாலி கிளார்க்காக இருந்தேன். கன்டெய்னர் வந்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியாது. கப்பலிலிருந்து மூட்டைகளைக் கயிற்று வலையில் கட்டி கிரேன் இறக்கும். ஒரு முறை இறங்கினால் ஒரு தூக்கு. ஒரு தூக்கில் இருபது மூட்டை. கரையில் நின்று துறைமுகத்துக்காக ஒருவர் எண்ணுவார். கப்பல் தரப்புக்காக இன்னொருவர் எண்ணுவார். தூக்குக்கு ஒரு கோடு. நான்கு நேர்கோடு, ஐந்தாவது குறுக்கே. மணிக்கு ஒரு முறை இருவரும் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, இரண்டு கையெழுத்துப் போடவேண்டும். அதுதான் டாலி ஷீட்.

வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்து மூன்று. பி.காம். படித்த திமிர் இருந்தது. கப்பல் தரப்பு ஆள் அரட்டையடித்துக்கொண்டே எண்ணியதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மூட்டை அடுக்குக்குப் பின்னால் மறைந்து நின்று, சின்ன நோட்டு ஒன்றில் தனிக்கணக்கு வைத்தேன். ஷிஃப்ட் முடிந்ததும் ஷெட் ஃபோர்மேனிடம் நீட்டினேன்.

"சார், அவர் கணக்குல ஆறு தூக்கு தப்பு. நூத்தி இருபது மூட்டை."

ஃபோர்மேன் நோட்டைப் புரட்டினார். "எதிர் சைன் எங்கய்யா?"

"அவருக்குத் தெரியாம எண்ணினேன் சார்."

"தெரியாமயா? தோ பாரு நைனா. அவன் கண்ணு முன்னால எண்ணி, அவன் சைன் வாங்கினா அதுக்குப் பேரு டாலி. ஒளிஞ்சு நின்னுகினு எழுதினா அதுக்குப் பேரு கோள். இங்க டாலிக்குத்தான் சம்பளம்."

மறுநாள் ஷெட்டில் அடுக்கை முழுவதும் எண்ணிப் பார்த்ததில் என் கணக்குதான் சரியென்று தெரிந்தது. ஆனாலும் என் நோட்டை யாரும் ஏற்கவில்லை. கப்பல் தரப்பு ஆள் மூன்று மாதம் என்னிடம் பேசவில்லை. சரியாக எண்ணியும் தோற்றுப்போக முடியும் என்று அன்று தெரிந்தது. அது மனதில் தங்கியிருந்தால் நாற்பத்தைந்து வருடம் கழித்து அதே தப்பைச் செய்திருக்க மாட்டேன்.

2. சிவப்பு நோட்டு

காலடிப்பேட்டையில் முதல் மாடியில் மகள் மெர்சியோடு இருக்கிறேன். இருபத்து இரண்டு படி. மருமகன் கத்தாரில் வேலை செய்கிறார். மெர்சிக்கு ராயபுரத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை. வீடு திரும்ப எட்டு மணி ஆகும். பேத்தி ஷைனிக்குப் பதின்மூன்று வயது. பள்ளியின் பெண்கள் கால்பந்து அணியில் இடது ஓரம் ஆடுபவள். அவள் பள்ளி விட்டு வரும் நாலு இருபதிலிருந்து மெர்சி வரும் எட்டு வரை, அதாவது மூன்று மணி நாற்பது நிமிடம், பொறுப்பு என்னுடையது.

பாடம் அனுப்புகிறார்கள், அப்பாவோடு பேசவேண்டும் என்று ஷைனிக்குப் போன் வாங்கிக் கொடுத்தார்கள். மெர்சி என்னிடம் சொன்னது நான்கு வார்த்தைதான். "அப்பா, நீ கொஞ்சம் பாத்துக்கப்பா."

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கண் கெட்டுவிடுமா, முன்பின் தெரியாதவன் பேசுவானா, படிப்பு போய்விடுமா என்று ஒரு நாள் எழுதிப் பார்த்ததில் பதினேழு கவலை வந்தது. உடனே ஒரு சிவப்பு நோட்டு எடுத்தேன். அவள் போனை எடுக்கும் நேரம், வைக்கும் நேரம், முகம் எப்படி இருந்தது என்று எல்லாவற்றையும் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதினேன். பதினோரு நாளில் நூற்று நாற்பத்தெட்டு முறை.

பன்னிரண்டாம் நாள் எனக்குப் பிரஷர் மாத்திரை எடுத்துத் தரப்போன ஷைனி, டப்பாவுக்கு அடியிலிருந்து அந்த நோட்டோடு வந்தாள்.

"இன்னா தாத்தா இது? 'ஷை. 5.12 – 5.31. இருமுறை சிரித்தாள்.' நான் சிரிச்சதக்கூட எண்ணிகினு கீறியா?"

"உன் நல்லதுக்குத்தாம்மா."

"நல்லதுக்குன்னா என் முன்னாடியே எழுத வேண்டியதுதான? உன் போன நான் ஒளிஞ்சிருந்து எண்ணினா நீ சும்மா இருப்பியா?"

அதன் பிறகு போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போக ஆரம்பித்தாள். முன்பு எண்ணிக்கையாவது தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை. நான்காவது நாள், மாத்திரை போடும்போது ஃபோர்மேனின் குரல் காதில் கேட்டது. சிவப்பு நோட்டைக் கிழித்துப் போட்டேன்.

3. இரண்டு தரப்பு

இருநூறு பக்கத்தில் நீளமான நோட்டு ஒன்று வாங்கினேன். கோடு போட்டுப் பத்திகள் பிரித்தேன். யார் போன், எடுத்த நேரம், வைத்த நேரம், எதற்காக, ரிமார்க்ஸ். அடியில் கையெழுத்துக்கு இரண்டு இடம். ஷைனி முன்னால் வைத்து, சிவப்பு நோட்டு என் தப்பு என்று சொன்னேன்.

அவள் பத்திகளைப் பார்த்தாள். "இதுல உன் போனும் வரணும். உனக்கும் கோடு நான்தான் போடுவேன். சரின்னா சைன்."

கப்பல் தரப்பு இப்படி நிபந்தனை போட்டால் கரைத் தரப்பு மறுக்க முடியாது. ஒப்புக்கொண்டேன்.

முதல் வார முடிவில் கூட்டினோம். ஷைனி ஒன்பது மணி ஐம்பது நிமிடம். நான் பதின்மூன்று மணி ஐந்து நிமிடம். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். மாறவில்லை.

"தாத்தா, ரிமார்க்ஸ்ல இன்னா எழுதறது? 'குட் மார்னிங் ரோஜாப்பூ, இருபத்தாறு' அப்டின்னா?"

"எழுதும்மா."

"அப்றம் இது. பப்பாளி இலை சாப்ட்டா சக்கர வியாதி போயிடும்னு நாலு குரூப்புக்கு அனுப்பிகீற. இது டூப்பு தாத்தா. எப்டி கண்டுபிடிக்கறதுன்னு காட்டட்டா?"

காட்டினாள். நான்கு குழுவுக்கும் 'நான் அனுப்பியது தவறு' என்று எழுதினேன். அதில் ஒன்று எங்கள் ஓய்வூதியர் குழு. அங்கே மானம் போனது. ஆனால் அந்த வாரத்திலிருந்துதான் ஷைனி ரிமார்க்ஸ் பத்தியில் தன்னைப் பற்றி எழுத ஆரம்பித்தாள். 'கிளாஸ் குரூப்பில் சண்டை. பிடிக்கவில்லை.' 'தெரியாத ஆள் ஹாய் சொன்னான். பிளாக் செய்தேன்.' நான் கேள்வி கேட்கவில்லை. டாலி ஷீட்டில் எதிர்த்தரப்பு எழுதும் ரிமார்க்ஸைப் படித்துவிட்டுப் 'பார்த்தேன்' என்று மட்டும் எழுதுவோம். அதையே செய்தேன். அப்படி அடக்கிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று என் பிரஷருக்குத்தான் தெரியும்.

4. பதினோரு முயற்சி

நவம்பர் மாதம் ஓய்வூதியர்கள் உயிரோடு இருப்பதாக லைஃப் சர்டிபிகேட் கொடுக்கவேண்டும். இப்போது போனில் முகத்தைக் காட்டினால் போதும். என் போன் கேமராவில் கீறல் விழுந்திருந்ததால் ஷைனியின் போனை வாங்கிக்கொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு முப்பத்தைந்து. ஓ.டி.பி. வருவதற்காக என் போனும் மேசைமேல் இருந்தது.

கண்ணைச் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினேன். ஏற்கவில்லை.

"தாத்தா, மெதுவா சிமிட்டு. தூங்கற மாதிரி கீது."

"இதுக்கு மேல மெதுவா சிமிட்டினா செத்துப்போனவன்னு எழுதிடும்."

ஷைனி என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி வைத்தாள். விளக்கை மாற்றிப் போட்டாள். கண்ணாடியைக் கழற்றினாள். பதினோராவது முயற்சியில் ஏற்றுக்கொண்டது. ஏழு பதினாறுக்கு, சர்டிபிகேட் பதிவாகிவிட்டதாக என் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. நோட்டில் அவளே எழுதினாள். 'ஷைனி போன், தாத்தா கையில், 6.35 – 7.20. லைஃப் சர்டிபிகேட். 11 முறை. ரிமார்க்ஸ்: தாத்தா உயிரோடு இருக்கிறார்.' இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

5. கிழிந்த மூட்டை

வியாழக்கிழமை ஷைனி பயிற்சிக்கு நிற்காமல் நேராக வீட்டுக்கு வந்தாள். தட்டில் வைத்த தோசையைத் தொடவில்லை. நோட்டை எடுத்து ரிமார்க்ஸில் நான்கு வார்த்தை எழுதி என் பக்கம் தள்ளினாள். 'என் பேரில் யாரோ எழுதறாங்க.'

இந்த முறை 'பார்த்தேன்' போதவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். மெல்லச் சொன்னாள். அவள் பெயரும் படமும் போட்டு யாரோ ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். அதில் பி.டி. சார் நொண்டி நடப்பதைக் கிண்டல் செய்து நான்கு பதிவு. அவருக்குக் காலில் பழைய அடி. மொத்தப் பள்ளியும் பார்த்துவிட்டது. சார் அவளைக் கேட்கக்கூட இல்லை. அணியிலிருந்து எடுத்துவிட்டார். அடுத்த வாரம் சனிக்கிழமை மாதவரத்தில் பள்ளிகளுக்கு இடையிலான போட்டி.

எட்டு மணிக்கு மெர்சி வந்தாள். கேட்டதும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இந்தச் சனியனே வேணாம்னு அப்பவே சொன்னேன். குடு போன. எல்லாத்தையும் அழிச்சித் தூக்கிப் போடறேன்."

"அழிக்காத மெர்சி," என்றேன். "மூட்டை கிழிஞ்சு இறங்கினா தைக்கக் கூடாது. கீழ சிந்தினதப் பெருக்கக்கூடக் கூடாது. சேதத்தக் கணக்கெடுக்கற சர்வேயர் வந்து பாக்கற வரைக்கும் அப்படியே இருக்கணும். அழிச்சிட்டா தப்பு நம்ம தலைல விழும்."

"அப்பா, இது மூட்டை இல்ல. என் பொண்ணு."

"மூட்டைக்கே அந்த மரியாதை குடுத்தோம்மா. இவளுக்குக் குடுக்க வேணாமா?"

மெர்சி உட்கார்ந்தாள். ஷைனி அந்த நான்கு பதிவையும் நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள். நான் வழக்கம்போல ஒவ்வொன்றின் நேரத்தையும் தாளில் எழுதினேன். செவ்வாய்க்கிழமை. ஆறு ஐம்பது. ஆறு ஐம்பத்து நான்கு. ஆறு ஐம்பத்தொன்பது. ஏழு ஐந்து.

எழுதி முடித்ததும் கை நின்றது. நீளமான நோட்டை இழுத்துச் செவ்வாய்க்கிழமையைத் திறந்தேன். அந்த நேரத்தில் ஷைனியின் போன் என் முகத்துக்கு நேராக இருந்தது. என் போன் மேசைமேல் இருந்தது. ஷைனியின் கை என் தாடையில் இருந்தது.

"மெர்சி!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்தார். இருபத்து இரண்டு படி.

6. எதிர் சைன்

வெள்ளிக்கிழமை மெர்சி விடுப்பு எடுத்தாள். மூன்று பேரும் தலைமையாசிரியை அறைக்குப் போனோம். பி.டி. சாரும் வந்தார். நோட்டைப் பார்க்கும் முன்பே தலையை ஆட்டினார்.

"பெரியவரே, தப்பா எடுத்துக்காதீங்க. பேத்திக்குத் தாத்தா சாட்சி சொல்லாம வேற யாரு சொல்லுவாங்க?"

"நியாயம் சார். நான் மட்டும் எழுதியிருந்தா நீங்க நம்ப வேணாம். நானே நம்ப மாட்டேன். இதுல எழுபத்தோரு நாள் இருக்கு. ஒவ்வொரு நாளும் ரெண்டு கையெழுத்து. என் தப்பும் இருக்கு, அவ தப்பும் இருக்கு. முதல் பக்கத்துலருந்து பாருங்க."

அவர் முதல் பக்கத்திலிருந்தே படித்தார். ரோஜாப்பூ இருபத்தாறு வந்த இடத்தில் மீசைக்குள் சிரித்தார். ஷைனி கணக்குப் பாடத்தின்போது போன் பார்த்ததைத் தானே எழுதியிருந்த பக்கத்தில் நின்றார். செவ்வாய்க்கிழமைக்கு வந்ததும் தலைமையாசிரியை என் போனை வாங்கி, ஏழு பதினாறு குறுஞ்செய்தியைப் பார்த்தார். ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பக்கத்தில் வைத்தார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தாள். முப்பத்து நான்கு வருடம் நான் பார்த்த காட்சி.

"சார், ஒத்துப்போகுது," என்றார்.

பி.டி. சார் எழுந்து, காலை இழுத்துக்கொண்டு ஷைனி அருகே வந்தார்.

"உங்க தாத்தா உயிரோட கீறாருன்னு சர்டிபிகேட் வாங்கப் போய், நீ தப்பு பண்ணலன்னு சர்டிபிகேட் வாங்கிகீற. உன்ன ஒரு வார்த்த கேக்காம முடிவு பண்ணிட்டேன். அது என் தப்பும்மா. நாளிக்குக் காலைல ஆறு மணிக்கு கிரவுண்டுக்கு வந்துடு."

"அஞ்சே முக்காலுக்கு வரேன் சார்," என்றாள்.

அந்தப் போலிக் கணக்கைப் பற்றிப் பள்ளியிலிருந்தும் நாங்களும் புகார் செய்தோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது போய்விட்டது. திங்களன்று ஒரு மாணவி தானாகவே தலைமையாசிரியையிடம் போய் ஒப்புக்கொண்டாள். ஷைனியிடமும் சாரிடமும் மன்னிப்புக் கேட்டாள். அவள் பெயரை நான் கேட்கவில்லை. குறைந்த மூட்டையை எடுத்தது யார் என்று தேடுவது டாலி கிளார்க்கின் வேலையல்ல. எத்தனை இறங்கியது, எந்த நிலையில் இறங்கியது என்று சொல்வதோடு அவன் வேலை முடிந்தது.

7. மாதவரம்

அந்த மாதப் பெற்றோர் கூட்டத்தில் என்னை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பன்னிரண்டு நிமிடம் பேசினேன். சொன்னதன் சுருக்கம் இவ்வளவுதான்: பிள்ளைகளின் போனை எண்ணவேண்டும் என்றால் அவர்கள் முன்னால் எண்ணுங்கள், உங்களுடையதை எண்ணும் உரிமையை அவர்களுக்குக் கொடுங்கள். அவர்கள் எழுதும் ரிமார்க்ஸைப் படித்ததும் வழக்கு நடத்தாதீர்கள். அப்போதுதான் மூட்டை கிழியும் நாளில் நோட்டை உங்கள் பக்கம் தள்ளுவார்கள். இருபத்து மூன்று குடும்பம் நோட்டு வாங்கியது. பதினான்கு பேர் இன்னும் எழுதுகிறார்கள். மற்ற ஒன்பது பேரைப் பற்றி எனக்குக் கவலைதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது போட்டியைப் பற்றி. மாதவரம் மைதானத்தில் நோட்டோடு உட்கார்ந்தேன். எங்கள் பள்ளி மூன்று, எதிர்ப் பள்ளி ஒன்று. ஷைனிக்கு நேராக இரண்டு கோடு போட்டிருந்தேன். ஆட்டம் முடிந்து, முழங்காலில் மண்ணோடு வந்தவள், தண்ணீர்கூடக் குடிக்காமல் நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

"ரெண்டா? ஒண்ணு ஆஃப்சைடு தாத்தா."

"உள்ள போச்சே! வலையத் தொட்டுச்சு, நான் என் கண்ணால பாத்தேன்."

"உள்ள போனா போதுமா? கொடி தூக்கிட்டாங்க. ஒரு கோட்ட அடி. இல்லன்னா நான் சைன் பண்ண மாட்டேன்."

பின்னால் பி.டி. சார் சிரித்தார். "அடிச்சிடுங்க பெரியவரே. எதிர்த்தரப்பு ஒத்துக்கலன்னா டாலி ஏது?"

ஒரு கோட்டை அடித்தேன். ஷைனி, ஒன்று. அவள் அந்த வரிசைக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, பேனாவை என்னிடம் நீட்டினாள். முப்பத்து நான்கு வருடம் ஐந்து மாதத்தில் எத்தனையோ ஷீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எண்ணிக்கை குறைந்ததற்காக ஒரு முறையும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.