ஓரெஸ்டின் தொப்பி

செய்தி வந்தபோது காலை பத்து மணி. நான் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். என் அண்ணன் ஓரெஸ்ட், பண்ணைக்கார நண்பன் லயலின் கோதுமை வயலில் அறுவடை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டானாம். மாரடைப்பு. யார்க்டன் மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்த டீசல் இன்ஜின் இருமினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனுடைய இடது மோதிர விரலுக்கு நுனி கிடையாது. பழைய இன்ஜின்களில், ஓடிக்கொண்டிருக்கும்போதே டீசல் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். புது இன்ஜின்களில் பம்ப் டீசலை ஒரு தடித்த பொதுக்குழாய்க்குள் திணித்தே வைத்திருக்கிறது. கார் டயர்க் காற்றைவிடப் பல நூறு மடங்கு அழுத்தம். அங்கிருந்து ஆறு மெல்லிய குழாய்கள், ஆறு சிலிண்டர்களுக்கு. கணினி சொல்லும் கணத்தில் பீச்சும் முனை திறக்க, டீசல் பனிப்புகையாய்ச் சிதறி எரியும். ஒருமுறை பழக்கதோஷத்தில், ஓடும் புது இன்ஜினிலும் அப்படியொரு நட்டைத் தளர்த்தினான். கண்ணுக்குத் தெரியாத தாரை, கையுறையைத் துளைத்து விரலுக்குள் போய்விட்டது. வலிக்கவே இல்லை என்றான்; உள்ளே டீசல் சதையை அழுகவைத்துக்கொண்டிருந்தது. கையைக் காப்பாற்றினார்கள்; விரல் நுனியை முடியவில்லை.

"மீதி ஒம்பதே முக்கா இருக்கே, உங்களுக்கெல்லாம் அது போதும்" என்பான்.

அதற்குப் பிறகு, குழாயைக் கழற்றினால் தன் தொப்பியை ஸ்டீயரிங்கில் மாட்டிவிடுவான். எல்லாவற்றையும் முறுக்கி முடித்த பிறகே அது தலைக்குத் திரும்பும். சாவியை எடுத்து வைத்துப் பயனில்லை. ஒரே கம்பெனி இயந்திரங்களுக்கெல்லாம் ஒரே சாவி, வீட்டுக்கு வீடு கிடக்கும். தொப்பி தொங்கினால் யாரும் தொடமாட்டார்கள்.

நர்ஸ் ஒரு பையைக் கொடுத்தாள். பூட்ஸ், மூக்குக்கண்ணாடி, தொப்பி.

லயலுக்கு போன் செய்தேன்.

"எங்க இருக்கே?"

"அறுவடை மிஷின் கேபின்ல, ஸ்தெஃபா. மழை கட்டிக்கிட்டு நிக்குது. இத ஷெட்டுல விட்டுட்டு ஓடி வந்துடறேன். எங்கயாவது ஒழுகுதான்னு டார்லா பின்னாடி மேல ஏறி இன்ஜின் பக்கத்துல நின்னு பாக்கறா."

டார்லா அவன் மகள்.

"லயல், ஸ்டார்ட் பண்ணாதே. தொப்பி எங்கிட்ட இருக்கு. அவன் சாஞ்சப்போ அது எங்க இருந்துச்சு?"



"ஸ்டீயரிங்லேர்ந்து நான்தான் எடுத்து அவன் மேல வெச்சேன்" என்றான். "தொப்பியில்லாம அவன் எங்க போயிருக்கான்? வெறுந்தலையோட அனுப்ப மனசு வரல."

"முதல்ல அவள இறங்கச் சொல்லு."

"டார்லா! எறங்கு. கை வெக்காத, எறங்குன்னா எறங்கு!"

கொஞ்ச நேரத்தில் டார்லாவே எனக்குப் போன் செய்தாள். "அத்தை, அஞ்சு குழாய்ல மஞ்சள் கோடு போட்டிருக்காரு."

முறுக்கி முடித்ததும் நட்டின் மேல் அவன் போடும் பெயிண்ட் கோடு அது.

இயந்திரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள். ஆறாவது குழாயின் நட்டு, ஸ்பேனர் படாமல், அவன் விரலால் திருகிய அளவிலேயே நிற்கிறது.