மாப்பிள்ளையின் பின் பிரேக்

பிப்ரவரி 11: பின் பிரேக் கேபிள், 180
மார்ச் 3: பிரேக் ஷூ, 350
மார்ச் 24: மறுபடி கேபிள், 180
ஏப்ரல் 9: கூலி வாங்கவில்லை

ஸ்கூட்டர் என் பெயரில் இருந்ததால் செலவை நான் எழுதிவைத்தேன். ஓட்டியவர் என் தங்கை கணவர். பட்டறையில் தேய்த்த மூக்குக்கண்ணாடி வில்லைகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி குனிந்து வில்லைப் பெட்டி குலுங்கும் என்று, எப்போதும் இடது கையால் பின் பிரேக்கை மட்டும் பிடிப்பார். "நான் விழுந்தா பத்துப் பேருக்குக் கண்ணு போகும் மச்சான்" என்பார்.

பின் பிரேக் பிடிக்கவில்லை என்று பிப்ரவரியில் ஆரம்பித்தார். கேபிள் மாற்றியும், ஷூ மாற்றியும் தீரவில்லை. பிறகு தினமும் காலையில் தானே ஸ்பேனரை எடுத்து, பின் சக்கரத்து பிரேக் நட்டை முறுக்கிவிட்டுத்தான் கிளம்புவார்.

ஏப்ரல் எட்டாம் தேதி, சிக்னலில் நின்ற காரில் போய் மோதினார். அவருக்குச் சிராய்ப்புதான், பெட்டி முழுக்க நொறுங்கிவிட்டது. "பிரேக்கைச் சரிபண்ணிட்டு வா. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார் பட்டறை முதலாளி.

மறுநாள் நானும் கூடப் போனேன். மெக்கானிக் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினார். அரைச் சுற்றில் நின்றது. கருகல் வாடை அடித்தது.

"அண்ணே, இது பிடிக்காத பிரேக் இல்ல, விடாத பிரேக்."

"அப்புறம் வண்டி ஏன்யா நிக்கல?" என்றார் மாப்பிள்ளை.

மெக்கானிக் நட்டைத் தளர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு, இடது லீவரை இரண்டு விரலால் அழுத்தினார். சுற்றிய சக்கரம் கட்டிப்போட்டதுபோல் நின்றது. "இப்ப நீங்க."

மாப்பிள்ளை நாலு விரலாலும் அழுத்தினார். லீவர் பாதிதான் வந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மெக்கானிக் எஞ்சினை அணைத்துத் தன் கையை நீட்டினார். "இறுக்கிப் பிடிங்க."

"எதுக்குய்யா, பொண்ணு தரப்போறியா?"

வலது கை பிடித்தபோது மெக்கானிக் "ஐயோ, விடுங்க" என்றார். இடது கை பிடித்தபோது தன் கையைச் சுலபமாக உருவிக்கொண்டார். "டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே" என்றார்.

நரம்பு நோய், மருந்து கிடையாது என்றார்கள். "நாலு மாசமா சட்டைப் பட்டனை நான்தான் போட்டுவிடறேன் அண்ணா. செல்லம் கொஞ்சறாருன்னு நினைச்சேன்" என்று தங்கை அழுதாள்.

இருவரும் தங்கள் மகன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார்கள். மாதம் ஒரு கடிதம் வரும். முதல் ஐந்தில் அவர் கையெழுத்து; பிறகு அவர் சொல்லச் சொல்லத் தங்கை எழுதினாள். அடுத்த ஆண்டு நவம்பர் 18 அன்று போனில் சேதி வந்தது. இறுதிச் சடங்கு முடிந்து நான் திரும்பியபோது, அவர் இறக்கும் முன்பே தபாலில் போட்ட கடிதம் இன்னும் வந்திருக்கவில்லை. பிறகுதான் வந்தது.

"மச்சான், வண்டியை வித்துடுங்க. பிரேக் நல்லாப் பிடிக்கும்னு தைரியமா சொல்லலாம்."

வந்து சேர்ந்த தேதி, நவம்பர் 23.